டீசல் டேங்கில் கசடு: டிராக்டர் காட்டும் அறிகுறிகளும் சரிசெய்யும் வரிசையும்

தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் பக்கமிருந்து எங்கள் பட்டறைக்கு வரும் டிராக்டர்களில் பல, “டீசல் பம்ப் போய்விட்டது” என்ற முடிவோடுதான் வந்து நிற்கும். பம்பைத் தொடுவதற்கு முன் டேங்கைத் திறந்து பார்த்தால் அடியில் துரு, தண்ணீர், கறுப்புக் கசடு. பம்பில் குறையே இருக்காது. டேங்கைக் கழுவி, பைப்பை ஊதி, பில்டரை மாற்றினால் வண்டி பழையபடி இழுக்கும். பம்பைப் பிரிப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

நம் கடலோரத்தில் இந்தக் கோளாறு திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. மானாவாரிப் பூமி என்பதால் உழவும் விதைப்பும் முடிந்ததும் வண்டி மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கிறது. பாதி காலியாக இருக்கும் டேங்குக்குள் ஈரமான உப்புக்காற்று புகுகிறது. இரவில் தகடு குளிர்ந்ததும் உள்ளே நீர் பூத்து அடியில் தேங்குகிறது. அங்கிருந்து துரு கிளம்புகிறது. ஆடிக் கச்சான் காற்றில் மணல் பறக்கும் நேரத்தில் வயலிலேயே கேனைத் திறந்து ஊற்றுகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் மழை விழுந்து விதைப்புக்கு ஈரம் கிடைத்த நாளில் வண்டி நின்றுபோனால், அந்த ஈரம் நமக்காகக் காத்திருக்காது. அதனால்தான் வரிசையைத் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

கை வைக்கும் முன்

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். டீசல் எளிதில் பற்றாது என்ற நம்பிக்கை ஆபத்தானது. நம் நாட்டு டீசலுக்கு விதிக்கப்பட்ட தீப்பற்று வெப்பநிலை குறைந்தபட்சம் 35 டிகிரி செல்சியஸ்தான். சித்திரை வெயிலில் டேங்கின் தகடு அதைவிடச் சூடாகவே இருக்கும். ஆகவே விடிகாலையில், திறந்தவெளியில், பீடி சிகரெட் இல்லாமல் வேலையைத் தொடங்குங்கள். டேங்குக்குள் பார்க்க டார்ச் மட்டும்.

பைப்பை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. டீசல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான ஒரு சோதனை

கோளாறு டேங்குப் பக்கமா, பம்புப் பக்கமா என்பதை ஒரு கேனை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான, வடிகட்டிய டீசல் எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கிலிருந்து பீட் பம்புக்கு (டேங்கிலிருந்து டீசலை இழுத்து, பில்டர் வழியாக டீசல் பம்புக்குத் தள்ளும் சிறு பம்ப்) வரும் பைப்பைப் பம்பு முனையில் கழற்றி, அந்த இடத்தில் ஒரு புதிய டீசல் ஹோஸை மாட்டி, மறுமுனையைக் கேனுக்குள் விடுங்கள். கேனைப் பம்பைவிட உயரமாக, சைலன்சரிலிருந்து விலக்கி, அசையாமல் கட்டி வையுங்கள். கழற்றிய டேங்க் பைப்பை அடைத்துவிடுங்கள். பைப்பில் புகுந்த காற்றை எடுத்துவிட்டு (வரிசை கீழே இருக்கிறது) ஸ்டார்ட் செய்து, அரை மணி நேரம் ஓட விடுங்கள்.

வண்டி குறையில்லாமல் ஓடினால் கோளாறு டேங்கிலோ, டேங்கிலிருந்து பம்புவரை வரும் பைப்பிலோ இருக்கிறது. கேனிலும் அதே தொல்லை என்றால் பில்டர், பீட் பம்ப், டீசல் பம்ப், நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் முனை) என்று அடுத்த பக்கம் போக வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் டீசல் பம்பைக் கழற்றக் கொடுக்காதீர்கள். யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: சிறிது நேரம் ஓடி, தானே நின்று, கொஞ்சம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகிறது

முதலில் டேங்க் மூடி. மூடியில் காற்று புக ஒரு சிறு துளை உண்டு. சேறும் உப்பும் அதை அடைத்துவிடும். நின்ற வண்டியில் குளவி மண் வைத்து அடைப்பதும் உண்டு. இன்ஜின் திணறத் தொடங்கும் நேரத்தில் மூடியைத் திருகித் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, சற்று நேரத்தில் இன்ஜின் தெளிந்துவிட்டால் விஷயம் முடிந்தது. மூடியை டீசலில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, ஊதி மாட்டுங்கள்.

மூடி சரியாக இருந்தால், டேங்கின் வாயில் ஏதோ மிதந்து வந்து அடைக்கிறது. நான் எடுத்தவற்றில் அடிக்கடி அகப்படுவது பாலித்தீன் துண்டு. மூடி தொலைந்துபோனால் கேரிபேக்கை மடித்துக் கட்டிவிடுகிறார்கள். வெயிலில் அது இற்றுக் கிழிந்து உள்ளே விழுகிறது. இன்ஜின் ஓடும்போது டீசலின் இழுப்பில் அந்தத் துண்டு வெளியேறும் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் இழுப்பு விட்டு நழுவிவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். ஆயில் கேன் வாயிலிருக்கும் அலுமினியத் தாள், புனலில் கட்டிய பழைய வேட்டித் துணியின் நூல், வைக்கோல் துணுக்கு ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

பார்க்கும் முறை: பீட் பம்பு முனையில் பைப்பைக் கழற்றி, அடியில் சுத்தமான வாளி வைத்து, டேங்க் டேப்பைத் திறங்கள். டேங்க் மேலே இருக்கும் வண்டிகளில் டீசல் பைப்பின் முழு வாயிலும் விடாமல் கொட்ட வேண்டும். முதலில் நன்றாகக் கொட்டி, போகப் போக மெலிந்து, சொட்டாகிவிட்டால் அடைப்பு உறுதி. டேங்க் இருக்கைக்கு அடியிலோ பக்கவாட்டில் தாழ்ந்தோ இருக்கும் மாடல்களில் இப்படித் தானாகக் கொட்டாது. அவற்றுக்கு மேலே சொன்ன கேன் சோதனைதான் வழி.

வயல் நடுவில் நின்றுவிட்டால், டேங்க் மூடியைத் திறந்து வைத்து, கழற்றிய பைப் முனையில் சைக்கிள் பம்பால் டேங்கை நோக்கிக் காற்று அடிக்கலாம். அடைப்பு டேங்குக்குள் திரும்பிப் போகும். பைப்பைக் கழற்றாமல் பம்பை நோக்கி ஒருபோதும் அடிக்காதீர்கள். இது வண்டியை வீடு சேர்ப்பதற்கு மட்டும். உள்ளே போன குப்பை உள்ளேதான் இருக்கிறது. மறுநாள் டேங்கைக் கழுவியே ஆக வேண்டும்.

அறிகுறி: சும்மா நிற்கும்போது சீராக ஓடுகிறது, கலப்பையை இறக்கினால் இழுவை இல்லை

கல்டிவேட்டரை இறக்கினதும் ஆக்சிலேட்டர் முழுக்கக் கொடுத்தும் இன்ஜின் அமுங்கினால், தேவையான அளவு டீசல் போய்ச் சேரவில்லை. பீட் பம்பின் அடியிலோ பக்கத்திலோ உள்ள சிறு கிண்ணத்தைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் நைலான் சல்லடையில் செம்மண் நிறத்தில் துருப்பொடி படிந்திருக்கும். டீசலில் பழைய டூத் பிரஷ் கொண்டு கழுவி, ரப்பர் வளையத்தைப் பள்ளத்தில் சரியாக உட்காரவைத்து மாட்டுங்கள். வளையம் பிசகினால் காற்று இழுக்கும். ஒரு கோளாறு போய் இன்னொன்று வந்து சேரும்.

அடுத்தது, ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் இரண்டு பில்டர்கள். காகித எலிமென்டைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடுவது வீண் வேலை. காகிதத்தின் துளை கிழிந்துவிட்டால் தூசி நேராக டீசல் பம்புக்குள் போகும். புதியது போடுங்கள். புதிய இரண்டாவது பில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டாதீர்கள். ஊற்றும் டீசலில் உள்ள தூசிக்கு அதற்கு மேல் தடையே இல்லை. வெறுமையாக மாட்டி, பீட் பம்பிலுள்ள கைப் பம்பால் அடித்து நிரப்புங்கள்.

பில்டரும் புதிது, கிண்ணமும் சுத்தம் என்ற பிறகும் இழுவை வரவில்லையா? பைப்பை இணைக்கும், நடுவில் துளையுள்ள போல்ட்களைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிலவற்றுக்குள் மெல்லிய சல்லடை இருக்கும். அது அடைத்திருப்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அதன் பிறகு ரப்பர் ஹோஸ். வெளியே வழுவழுப்பாக இருந்தாலும் உள்தோல் உரிந்து தொங்கும். விரலால் நசுக்கிப் பார்த்தால் ஓரிடம் மட்டும் மெத்தென்று இருக்கும். தண்ணீருக்கான பிளாஸ்டிக் டியூபை அவசரத்துக்குப் போடுகிறவர்கள் உண்டு. டீசலில் அது விறைத்து வெடிக்கும். டீசலுக்கென்றே வரும் ஹோஸை வாங்குங்கள்.

இவை எல்லாம் சரி, ஏர் பில்டரும் சுத்தம் என்றால் பீட் பம்பின் வால்வு தேய்ந்திருக்கலாம். அதற்கு மெக்கானிக்.

அறிகுறி: இன்ஜின் சத்தம் ஏறி இறங்குகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது

இது பெரும்பாலும் காற்று. முதல் பில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அடியுங்கள். நுரை வந்து பிறகு முழு டீசல் வந்தால், எங்கோ புகுந்த காற்று வெளியேறிவிட்டது. எவ்வளவு அடித்தும் நுரை ஓயவில்லை என்றால் டேங்குக்கும் பீட் பம்புக்கும் இடையே எங்கோ ஓட்டை இருக்கிறது.

இந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். அதனால் கண்ணில் படாது. வண்டி நின்றிருக்கும்போது பைப்பை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். தூசி ஈரமாக அப்பியிருக்கும் இடத்தில் நின்று பாருங்கள். கடலோர வண்டிகளில் இரும்புப் பைப்பைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில்தான் முதலில் இற்றுப்போகிறது. அங்கே உப்பு ஈரம் காயாமல் தங்குகிறது. கிளிப்பைக் கழற்றினால் பைப்பில் ஊசிமுனை அளவு துளை தெரியும். எம்-சீல் பூசி நாள் கடத்தாமல் பைப்பையே மாற்றுங்கள். புதியதை மாட்டும்போது கிளிப்புக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்துக் கிரீஸ் தடவுங்கள்.

செம்பு வாஷர்களைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவது நல்லது. கடை தூரமாக இருந்தால், வீட்டு அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மிருதுவாகி மறுபடி நன்றாக உட்காரும். அந்த வேலையை வண்டிக்கு அருகில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: மாதக்கணக்கில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது வெள்ளைப் புகை விட்டு நின்றுவிடுகிறது

செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். தண்ணீர் இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் அது டீசல் பம்பை நோக்கி நகர்கிறது. பம்பின் உள்பாகங்களுக்கு டீசல்தான் மசகு; தண்ணீர் போனால் துருப்பிடித்து இறுகிவிடும்.

டேங்கின் டிரெயின் போல்ட்டைத் தளர்த்தி, முதலில் வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் அரை லிட்டர் பிடியுங்கள். அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் கனமானதால் அடியில் தனியாகத் தங்கும்; இரண்டுக்கும் நடுவே கோடு தெளிவாகத் தெரியும். கோடு இருக்கும் இடத்தில் கறுப்பாகவோ பழுப்பாகவோ வழவழப்பான படலம் மிதந்தால் அது துரு இல்லை. தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் சேர்ந்த கசடு. அதைக் கண்டால் கீழே உள்ள டேங்க் கழுவும் பகுதிக்குப் போய்விடுங்கள்.

வெறும் தண்ணீர் மட்டும் என்றால், சுத்த டீசல் வரும்வரை வடித்து, பில்டர் கிண்ணங்களையும் வடித்து, காற்றை எடுங்கள். வரிசை இதுதான்: முதல் பில்டர், இரண்டாவது பில்டர், டீசல் பம்பிலுள்ள ஏர் ஸ்குரூ. பழைய வகை இன்ஜினில் கடைசியாக நாசில் முனை நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் துளிர்த்ததும் இறுக்கலாம். கையையும் முகத்தையும் விலக்கி வையுங்கள்.

அறிகுறி: பில்டர் மாற்றிச் சில நாளிலேயே மறுபடி அடைத்துக்கொள்கிறது

இங்கேதான் பணம் வீணாகிறது. டேங்கில் கசடு இருக்கும்வரை எத்தனை பில்டர் போட்டாலும் அது அடைப்பைத் தேடி வாங்கிய கணக்குத்தான். டேங்கை இறக்கிக் கழுவுவது ஒரு காலை நேர வேலை.

டீசலை முழுவதும் சுத்தமான கேன்களில் வடியுங்கள். கேஜ் மிதவையையும் பைப்களையும் கழற்றி டேங்கை இறக்குங்கள். திரும்பி வரும் பைப் எது, போகும் பைப் எது என்று நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். டேங்கின் நடுத்தடுப்புக்குப் பின்னால்தான் கசடு ஒளிந்திருக்கும். வாயருகே சுத்தமாகத் தெரிவதை நம்ப வேண்டாம்.

சில லிட்டர் சுத்த டீசலை ஊற்றி, எல்லாப் பக்கமும் சாய்த்துக் குலுக்கி, வெள்ளைத் துணி விரித்த வாளியில் கொட்டுங்கள். முதல் முறை துணியில் துருச் செதில், பெயின்ட் உரிவு, மணல் எல்லாம் விழும். துணியில் எதுவும் தங்காத வரை திரும்பச் செய்யுங்கள். தகட்டில் துரு ஒட்டியிருந்தால், ஒரு முழம் சுத்தமான இரும்புச் சங்கிலியை உள்ளே விட்டு டீசலோடு உருட்டலாம். சங்கிலியாக இருந்தால் ஒரு முனையைப் பிடித்து வெளியே எடுத்துவிட முடியும். நட்டு போல்ட்களைப் போட்டால் ஒன்றிரண்டு உள்ளேயே தங்கிவிடும். மணல் போட்டு உருட்டுவது கூடவே கூடாது.

வழவழப்பான பூஞ்சைக் கசடு டீசலுக்கு மட்டும் மசியாது. சோப்புத் தண்ணீரால் கழுவலாம். ஆனால் பிறகு நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் கவிழ்த்தும் நிமிர்த்தும் முழுக்கக் காயவைத்து, கடைசியாக டீசலால் ஒருமுறை அலசியே மாட்ட வேண்டும். நம் ஊர்க் கிணற்றின் உப்புத் தண்ணீரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். காய்ந்த தகட்டை அப்படியே விட்டால் ஓரிரவில் செம்பழுப்பாகத் துரு பூக்கும். புதிய மாடல்களில் டேங்க் பிளாஸ்டிக் என்றால் துருத் தொல்லை இல்லை. தண்ணீரும் பூஞ்சையும் மட்டுமே.

தகட்டில் துளை தெரிந்தால் வெல்டிங் வைக்கக் கொடுக்கத் தோன்றும். காலி டேங்க்தான் நிரம்பியதைவிட ஆபத்து. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். டேங்க் வேலையே செய்து பழகிய ரேடியேட்டர் கடையில் மட்டும் கொடுங்கள். பல இடங்களில் துளை என்றால் புதிய டேங்க்தான்.

கழுவிய டீசலைக் கொட்டகை ஓரத்தில் கொட்டாதீர்கள். இங்கே மணல்பூமி, ஊற்று கையெட்டும் ஆழத்தில் இருக்கிறது. ஊரே குடிக்கும் தண்ணீர் அது. ஒரு டின்னில் தெளியவிட்டால் மேல் டீசல் உதிரிபாகம் கழுவ உதவும். அடிக்கசடைக் கழிவு ஆயில் வாங்குகிறவரிடம் கொடுங்கள்.

ஆயில் இன்ஜின் பம்ப்செட்டில்

பண்ணைக்குட்டையிலிருந்து மிளகாய்க்குத் தண்ணீர் இறைக்கும் சிறு இன்ஜின்களில் டேங்க் தலைக்கு மேலேயே இருக்கும். பெரும்பாலும் பீட் பம்ப் கிடையாது. ஆகவே அடைப்பு மூன்று இடங்களில்தான்: மூடித் துளை, டேங்க் டேப்பின் சல்லடை, பில்டர். அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

இதற்கு மேல் நீங்கள் தொட வேண்டாம்

2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதி வந்திருக்கிறது. அதற்கேற்ப வந்த காமன் ரயில் இன்ஜின் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தப் பைப்பிலிருந்து டீசல் போகும் வகை) உங்களுடையது என்றால், மேலே சொன்ன நாசில் நட்டு தளர்த்தும் வேலையைச் செய்யவே கூடாது. அந்தப் பைப்பில் ஆயிரம் பாருக்கும் மேல் அழுத்தம். டேங்க் கழுவுவது, தண்ணீர் வடிப்பது, பில்டர் மாற்றுவதோடு நின்று கம்பெனி சர்வீஸை அழையுங்கள்.

எந்த இன்ஜினிலும் நாசிலின் பீச்சல் தோலில் பட்டால், ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும். வலி இல்லாவிட்டாலும் அன்றே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், டீசல் உள்ளே புகுந்தது என்று சொல்லுங்கள்.

இன்ஜின் ஆயில் அளவு கூடியிருந்து, குச்சியில் டீசல் வாசம் வந்தால் ஓட்டாதீர்கள். பீட் பம்பின் டயாபிரம் கிழிந்தோ, சீல் போயோ டீசல் ஆயிலில் கலக்கிறது. கேன் சோதனையில் தேறாமல், புதிய பில்டருக்குப் பிறகும் கறும்புகையோ ஒரு சிலிண்டரில் தட்டும் சத்தமோ நீடித்தால், முதலில் நாசில்களை மட்டும் கழற்றி டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடையில் பீச்சலைப் பார்க்கச் சொல்லுங்கள். நாசில் தேறிய பிறகே டீசல் பம்ப். பம்பின் சீலை வீட்டில் உடைக்க வேண்டாம்.

டேங்க் கழுவி மாட்டிய வண்டியைப் பத்து மணி நேரம் ஓட்டியதும் கிண்ணத்தை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பைப்பில் மிச்சமிருந்த துரு அங்கே வந்து சேர்ந்திருக்கும். உழவு முடிந்து நிறுத்தும் அன்று மாலையே, விரியக் கொஞ்சம் இடம் விட்டு டேங்கை நிரப்பி வையுங்கள். அடுத்த பருவத்தில் சாவியைப் போடும் முன் டிரெயின் போல்ட்டைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.